கணுக்கால் உயரத்தில் ஒரு கண்

நியூ ஜெர்சியில் இந்த வீட்டை நாங்கள் வாங்கியது ஏப்ரலில். கோடை முழுவதும் கராஜ் கதவு சொன்ன பேச்சைக் கேட்டது. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்தோம். அடுத்த வாரமே சண்டித்தனம் ஆரம்பித்தது. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு நாலு மணி வாக்கில் வீடு திரும்புவேன். காரை உள்ளே விட்டு ரிமோட்டை அமுக்கினால் கதவு ஒரு சாண் இறங்கும், யோசிப்பதுபோல் நிற்கும், மறுபடி மேலே போய்விடும். கூரையில் தொங்கும் மோட்டாரின் விளக்கு விட்டு விட்டு மினுக்கும். காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு அமுக்கினால் நல்ல பிள்ளையாக மூடிக்கொள்ளும்.

ஊரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இங்கே கராஜ் என்பது வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகை. வாசல் கதவு விருந்தாளிகளுக்கு. வீட்டுக்காரர்கள் வந்து போவது பெரும்பாலும் கராஜ் வழியாகத்தான். இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு பதினாறடி அகலம், ஏழடி உயரம். நாலைந்து பலகைகளைக் கீல் போட்டு இணைத்திருப்பார்கள். இருபுறமும் தண்டவாளத்தில் உருண்டு மேலே ஏறி, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். கனமான கதவு நூறு கிலோவை நெருங்கும். கீழே, தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாமல், வாசலின் இரண்டு ஓரத்திலும் இரண்டு சின்னக் கண்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும், எதிரே இருப்பது வாங்கும். நடுவில் எது குறுக்கே வந்தாலும் கதவு மூடாது.

கோளாறு அந்தக் கண்ணில்தான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. வாங்கும் கண்ணில் நிலையாக எரியவேண்டிய சின்ன விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. துணியால் துடைத்தேன். ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும்படி நூல் பிடித்துச் சரிசெய்தேன். வயரை எலி கடித்திருக்கிறதா என்று கடைசிவரை தடவிப் பார்த்தேன். சில எல்இடி பல்புகள் ரிமோட்டின் ரேடியோ அலையைக் குழப்பும் என்று கேள்விப்பட்டு மோட்டாரின் பல்பைக்கூட மாற்றினேன். மோட்டாரில் கீழ்நோக்கிய விசையைக் கூட்டும் திருகு ஒன்று உண்டு. அதையும் இரண்டு சுற்று ஏற்றிவைத்தேன். எதற்கும் மசியவில்லை. சுவரிலிருக்கும் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டே நின்றால் மட்டும் மூடியது.

ஆபீஸில் ஒரு நண்பர் வழி சொன்னார். "ரெண்டு சென்சாரையும் கழட்டி, ஒண்ணுக்கொண்ணு மூஞ்சியைப் பாக்குற மாதிரி டேப் சுத்தி, மேல மோட்டார்கிட்ட கட்டிடு. எங்க வீட்டுல நாலு வருஷமா அப்படித்தான் ஓடுது." இரண்டு நிமிட வேலை. கண்கள் இரண்டும் கூரையில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்க, கதவு எந்த நேரத்திலும் மூடியது. வார இறுதியில் ஒழுங்காகச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்று வார இறுதிகள் போயின.

என் மகளுக்கு ஐந்து வயது. மூடும் கதவுக்கு அடியில் புகுந்து வெளியே ஓடுவது அவளுக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ஒரு விளையாட்டு. திட்டியிருக்கிறேன், பயந்ததில்லை. "அதான் கண் இருக்கே" என்ற நினைப்பு. கண்ணைப் பிடுங்கி மேலே கட்டிய பிறகும் அந்த நினைப்பு மட்டும் என்னிடம் அப்படியே இருந்தது. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பார்த்தது அப்பா. தீபாவளிக்கு வந்தவர் பொங்கல்வரை இருப்பதாகத் திட்டம். கோயமுத்தூர் ஸ்பின்னிங் மில் ஒன்றில் முப்பத்துநாலு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஒரு சாயங்காலம் நான் காருக்குள் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டே ரிமோட்டை அமுக்கினேன். கதவு இறங்கியது. பாப்பா குனிந்து ஓடினாள். அவள் முதுகுக்கும் கதவுக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும். கதவு நிற்கவில்லை, தயங்கவும் இல்லை. தரையைத் தொட்டு மூடிக்கொண்டது.

அப்பா சத்தம் போடவில்லை. அண்ணாந்து மோட்டார் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, அந்த ரெண்டையும் மேல கட்டி வெச்சிருக்கறது எதுக்கு?"

விளக்கினேன். பதில் பேசாமல் வெளியே போய், வாசலில் ஹாலோவீனுக்கு வைத்து மூன்று வாரமாகக் காய்ந்து, நனைந்து, மெத்தென்று ஆகியிருந்த பரங்கிக்காயை எடுத்துவந்தார். அவர் வாயில் அது அரசாணிக்காய். அதைக் கதவின் பாதையில் வைத்து, "அமுக்கு" என்றார். கதவு இறங்கியது. காய் நசுங்கிப் பிதுங்கியது. மோட்டார் ஒரு விநாடி முனகி அழுத்தத்தைத் தொடர்ந்தது. நான்தான் பதறிப்போய் மறுபடி அமுக்கி மேலே ஏற்றினேன். அடுத்து மூலையில் கிடந்த மரக்கட்டையைப் படுக்கவைத்தார். இப்போது கதவு கட்டையைத் தொட்டதும் விருட்டென்று மேலே போனது.

"கெட்டியா இருக்கறதுக்குப் பயப்படுது. மெத்துனு இருக்கறதுக்குப் பயப்படுல" என்றார். அவ்வளவுதான். காயை வாரிக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கண்கள் ஏன் தரையோடு தரையாக இருக்கின்றன, யார் அங்கே வைக்கச் சொன்னார்கள் என்று தேட உட்கார்ந்தேன். அப்பா பரங்கிக்காயை வைத்துச் சொன்னதைத்தான் அமெரிக்கா நிறையக் குழந்தைகளைப் பறிகொடுத்துக் கற்றிருக்கிறது என்பது விடிவதற்குள் புரிந்தது.

முதலில் கதவு. கார் வந்த புதிதில் அதற்கென்று தனி இடம் கிடையாது. குதிரை லாயத்தில், கோச்சு வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பெட்ரோல் நாற்றமும் குதிரையும் ஒத்துப்போகவில்லை. காருக்குத் தனிக் கொட்டகை வந்தது. கதவு மட்டும் பழைய லாயக் கதவுதான், இரண்டு பக்கமும் வெளியே திறப்பது. பனி கொட்டும் ஊரில் காலையில் கதவைத் திறக்கவே வாசலைச் சுரண்ட வேண்டும். 1921இல் சி. ஜி. ஜான்சன் என்பவர் மேல்நோக்கித் திறக்கும் கதவை உருவாக்கினார். அதன் சின்ன மாதிரி ஒன்றைத் தன் ஃபோர்டு காரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காட்டி விற்றார். இண்டியானா மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு சிட்டியில் தொழிற்சாலை வைத்தார். 1926இல் மின்சாரத்தில் திறக்கும் கருவியையும் அவரே கொண்டுவந்தார்.

அவ்வளவு கனத்தை மோட்டார் தூக்குகிறது என்று நானும் நினைத்திருந்தேன். தூக்குவது ஸ்பிரிங். கதவுக்கு மேலே ஒரு தண்டில் முறுக்கி வைத்திருக்கும் கனமான சுருள், கதவின் எடையைத் தராசின் மறுதட்டுபோலத் தாங்கிக்கொண்டிருக்கிறது. சாதாரண ஸ்பிரிங்குக்குச் சுமார் பத்தாயிரம் தடவை ஏறி இறங்கும் ஆயுள் சொல்வார்கள். அது அறுந்தால் துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் வரும், கதவை இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்குவது சிரமம். (வீட்டில் நாமே கைவைக்கக் கூடாத பாகம் இது. முறுக்கு ஏறிய ஸ்பிரிங் கையை உடைத்துவிடும்.) ஸ்பிரிங் நன்றாக இருக்கும்வரை கதவை ஒரு குழந்தைகூட ஒரு கையால் அசைக்கலாம். அதனாலேயே பார்ப்பவர்களுக்கு அது கனமான பொருளாகத் தோன்றுவதில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் புறநகர்கள் பெருகின. கராஜ் வீட்டோடு ஒட்டிக்கொண்டது, ரிமோட் வந்தது. ஆரம்பகால ரிமோட்டுகளில் ஒருவர் பொத்தானை அமுக்கினால் பக்கத்து வீட்டுக் கதவும் திறக்கும். பிறகு உள்ளே வரிசையாகச் சின்ன ஸ்விட்சுகள் வைத்து வீட்டுக்கு ஒரு எண் அமைத்தார்கள். எட்டு ஸ்விட்ச் என்றால் 256 எண்கள்தான். 1990களில் ஒவ்வொரு முறையும் எண் மாறும் முறை வந்தது. நிலையான எண் எவ்வளவு பலவீனம் என்பதை 2015இல் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் குழந்தைகளின் பொம்மைக் கருவி ஒன்றை மாற்றியமைத்துக் காட்டினார். பத்து விநாடிக்குள் கதவு திறந்துகொண்டது. ஆனால் இதெல்லாம் திருடன் உள்ளே வராமலிருக்கும் கவலை. கதவுக்கு அடியில் மாட்டிக்கொள்பவரைப் பற்றிய கவலை தாமதமாகத்தான் வந்தது.

வீட்டுக்காரர் தெருமுனையில் வரும்போதே பொத்தானை அமுக்கலாம், கிளம்பிப் போகும்போது திரும்பிப் பார்க்காமலே மூடலாம் என்பதுதான் ரிமோட்டின் பெருமை. அதுதான் ஆபத்தும். கதவை நகர்த்தும் ஆள் கதவுக்குப் பக்கத்தில் இல்லை. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றில் படித்தேன்: 1982 மார்ச்சிலிருந்து இரண்டு முதல் பதினான்கு வயதுவரையிலான சுமார் 60 குழந்தைகள் தானியங்கிக் கராஜ் கதவுக்கு அடியில் சிக்கி இறந்திருக்கிறார்கள், வருஷத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர். பிழைத்தவர்களில் சிலருக்கு மூளைச் சேதம்.

இத்தனைக்கும், எதிலாவது முட்டினால் கதவு திரும்ப வேண்டும் என்ற ஏற்பாடு அப்போதே இருந்தது. தரையில் இரண்டு அங்குலக் கட்டையை வைத்துச் சோதிப்பார்கள். கட்டையில் முட்டினால் திரும்பும் கதவு, குழந்தையின் உடம்பில் முட்டும்போது எப்போதும் திரும்பவில்லை. உடம்பு கெட்டியான பொருள் அல்ல, அமுங்கிக் கொடுக்கும். அந்த வரியைப் படித்தபோது கராஜில் பிதுங்கிக் கிடந்த அரசாணிக்காய் கண்முன் வந்தது. அதிகம் படித்திராத ஒரு மில் ஃபிட்டர் இரண்டே நிமிடத்தில் செய்த சோதனை அது.

1990 நவம்பர் 16 அன்று அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வீட்டு உபயோகக் கராஜ் கருவிகளுக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. அதுவரை தயாரிப்பாளர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த யூஎல் 325 என்ற தரவிதி சட்டமானது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் ஒவ்வொரு கருவிக்கும், முட்டினால் திரும்பும் வசதி போக, இன்னொரு காவலும் கட்டாயம். ஒன்று ஒளிக்கண், அல்லது கதவின் அடி விளிம்பில் தொடு உணரி, அல்லது விரலை எடுத்தால் கதவு நின்றுவிடும் பொத்தான். மலிவும் எளிமையும் ஒளிக்கண் பக்கம் இருந்ததால் அதுவே வீடுதோறும் வந்துவிட்டது.

ஆறு அங்குலம் என்ற உயரத்துக்கும் காரணம் இருக்கிறது. இடுப்பு உயரத்தில் வைத்தால் நிற்கிற ஆளைத்தான் பார்க்கும். சிக்கிக்கொள்பவர்கள் கீழே விழுந்தவர்களும், தவழ்கிறவர்களும், கதவுக்கு அடியில் உருண்டு போகிறவர்களும். கண்ணைக் கணுக்கால் உயரத்துக்குக் கொண்டுபோனவர்கள் தரையில் கிடக்கும் குழந்தையை நினைத்துத்தான் அதைச் செய்திருக்க வேண்டும். சுவர்ப் பொத்தானை விடாமல் அமுக்கினால் மட்டும் கதவு மூடியதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண் கெட்டுப்போனாலும் கதவை மூட வழி உண்டு. ஆனால் ஒரு மனிதன் கடைசிவரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரிமோட்டால் போன மனிதனைச் சட்டம் திரும்பக் கதவருகே கூப்பிடுகிறது.

கதவு மூடுவதால் வந்த சட்டம் இது. திறக்காததால் வந்த சட்டமும் இருக்கிறது. 2017 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் நாபா, சொனோமா பகுதிகளில் காட்டுத்தீ இரவோடு இரவாக ஊருக்குள் புகுந்தது. மின்சாரம் போனது, கராஜ் கதவுகள் உறைந்து நின்றன. மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும், கையால் தூக்கலாம். அது தெரியாதவர்களும், தூக்கத் தெம்பில்லாத முதியவர்களும் உள்ளேயே மாட்டிக்கொண்டு இறந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த மாநிலம் சட்டம் போட்டது. 2019 ஜூலை முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு கருவியிலும் மின்தடையின்போது இயங்கும் பேட்டரி இருந்தாக வேண்டும்.

நாம் பழுது என்று நினைப்பது பழுதாகவே இல்லாமலும் போகலாம். 2004, 2005 வாக்கில் அமெரிக்க ராணுவத் தளங்கள் சிலவற்றைச் சுற்றியிருந்த வீடுகளில் ரிமோட்டுகள் திடீரென்று செத்தன. பல ரிமோட்டுகள் பயன்படுத்திய 390 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ராணுவத்துக்கு உரியது. தாழ்ந்த விசையில் ஓரமாக இருந்துகொள்ளலாம் என்றுதான் கராஜ் கருவிகளுக்கு அனுமதி. ராணுவம் அந்த வரிசையில் புதிய ரேடியோக்களை இயக்கத் தொடங்கியதும் வீட்டுக் கதவுகள் வாயடைத்துப் போயின. அங்கேயும் மக்கள் முதலில் ரிமோட்டின் பேட்டரியைத்தான் மாற்றிப் பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தானே? கோளாறு வெளியே எங்கோ இருக்க, வேலை செய்துகொண்டிருந்த கண்ணைப் பிடுங்கிக் கட்டிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஏணியைப் போட்டு மேலே ஏறி டேப்பை அறுத்தேன். அப்பா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். விசைத் திருகைப் பழைய இடத்துக்கு இறக்கி, கண்கள் இரண்டையும் அவற்றின் இடத்தில் மாட்டினோம். மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் சரியாக இருந்தது. "நாலு மணி வரைக்கும் பாப்பம்" என்று ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு அப்பா கராஜிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காத்திருந்தபோதுதான் அதைச் சொன்னார். மில்லில் ப்ளோ ரூம் என்று ஒரு பகுதி. பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறுவதற்கு முள் வைத்த உருளைகள் அசுர வேகத்தில் சுற்றும். உருளை சுற்றும்வரை மூடி திறக்காதபடி ஒரு பூட்டு. கரண்டை நிறுத்தினாலும் உருளை தானாக ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுவரை பூட்டும் விடாது. பஞ்சு அடைத்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் காத்திருக்க வேண்டும். ஆபத்தான எந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், 21ஆம் பிரிவு அப்போது சொன்னது என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். புரொடக்‌ஷன் போகிறது என்பதும் தெரியும். ஒருநாள் ஷிஃப்ட் சூபர்வைசர் சொல்லி, அந்தப் பூட்டைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டார்கள். இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது மாதம் கூட வேலை பார்த்த ஒருவருக்கு வலது கையில் நாலு விரல் போனது.

"யாருங்கப்பா கம்பி கட்டுனது?" என்று கேட்டேன்.

"கட்டறது ஃபிட்டர் சோலிதான கண்ணு. நாந்தான் கட்டுனேன்."

எனக்கு நாற்பத்திரண்டு வயது. இதை அவர் அம்மாவிடமாவது சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு மாசம் ஒண்ணும் ஆவுலீல்ல, அதுதான் ஏமாத்துனது" என்றார். பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றரைக்கு விளக்கு துடிக்க ஆரம்பித்தது. அப்பா எழுந்துபோய்க் கண்ணின் முன்னால் குனிந்தார். விளக்கு நிலைத்தது. விலகினார், துடித்தது. மறுபடி குனிந்தார், நிலைத்தது. நெற்றியில் கையை வைத்து மேற்கே பார்த்தார். எங்கள் கராஜ் தெற்குப் பார்த்தது. வாங்கும் கண் கிழக்கு ஓரத்தில் இருந்துகொண்டு மேற்கே பார்க்கிறது. எதிர் வீட்டு மேப்பிள் மரம் அக்டோபர்வரை இலையால் மறைத்துக்கொண்டிருந்த தென்மேற்குச் சூரியன், இலை உதிர்ந்ததும் தாழ்ந்து வந்து நேராக அந்தக் கண்ணில் அடிக்கிறான். அந்த வெளிச்சத்தில் எதிர்ப்பக்கத்து ஒளி அதற்குத் தெரியவில்லை. தெரியாதபோது, யாரோ குறுக்கே இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்கிறது. கடிகாரத்தைத் தள்ளிவைத்ததும், நான் வீட்டுக்கு வரும் நாலு மணி சூரியன் இறங்கும் நேரத்தோடு பொருந்திவிட்டது. கோடையில் அவன் வீட்டுக்குப் பின்னால், வடமேற்கில் மறைந்துகொண்டிருந்தான்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இரண்டு கண்களையும் இடம் மாற்றினோம். மாலையில் கதவு அழகாக மூடியது. திங்கள் காலை எட்டு மணிக்கு, பள்ளிக்குக் கிளம்பும்போது, மூட மறுத்தது. இப்போது வாங்கும் கண் கிழக்கைப் பார்க்கிறது; தென்கிழக்கில் எழும் குளிர்காலச் சூரியன் அதில் அடிக்கிறான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம மில்லு கோன் ஒண்ணு இருந்தாப் போதும்" என்றார். கோனுக்கு இங்கே எங்கே போவது? சமையலறைத் துடைப்புக் காகிதம் சுற்றிவரும் அட்டைக் குழலில் நாலு அங்குலம் வெட்டி, உள்ளே கறுப்பு டேப் ஒட்டி, கண்ணின் மேல் சொருகினார். பக்கவாட்டு வெயில் மறைந்தது, எதிர்ப்பக்கம் மட்டும் தெரிந்தது. காலையும் மாலையும் விளக்கு அசையாமல் எரிந்தது. மூன்று வாரச் சிக்கலுக்கு ஆன செலவு அந்த அட்டைத் துண்டுதான்.

பாப்பாவுக்கு அந்தக் கண்ணைக் காட்டினேன். அவளைவிடச் சின்னக் குழந்தைகளுக்காக வைத்தது என்று மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. கதவு இறங்கும்போது ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக் குறுக்கே நீட்டி, அது திரும்பிப் போவதைப் பார்த்தாள். ஓடுகிற விளையாட்டு இனிக் கிடையாது என்றதற்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும்.

அப்பா பொங்கலுக்கு ஊர் திரும்பிவிட்டார். பனியில் நைந்துபோன அட்டைக் குழலுக்குப் பதிலாக பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை மாட்டியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை கட்டையை வைத்துச் சோதிக்கும்படி அந்த ஆணையத்தின் குறிப்பு சொல்கிறது. அதை அப்பாவிடம் ஒருமுறை சொன்னதோடு சரி. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு போன் வரும். சாப்பாடு, குளிர், பாப்பாவின் பள்ளிக்கூடம் எல்லாம் பேசி முடித்து, வைப்பதற்கு முன்னால் கேட்பார்: "இந்த மாசம் கட்டை வெச்சுப் பாத்தியா?"

பார்த்துவிட்டுத்தான் போனை எடுப்பேன்.